வண்ணாரப்பேட்டை ‘பாய் கடை’: மென்பொருளை மாற்றப் போய் முடங்கிய டேப்லெட் மீண்ட விதம்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் ஜவுளிக்கடை வரிசைக்குப் பின்புறம் செல்லும் குறுகலான தெருவில், எட்டடிக்குப் பத்தடி அளவில் செல்போனும் டேப்லெட்டும் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடையில் இருப்பவர் ஒருவரே. அக்கம்பக்கத்தில் ‘பாய் கடை’ என்றால் தெரியும். தனி ஆளாக இருப்பதால் வேலை குவிந்துவிட்டால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது என்றும், கடையின் பெயரையும் கதவு எண்ணையும் எழுத வேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை மதித்தே எழுதுகிறேன். டேப்லெட்டின் இயங்குதளத்தை நானே மாற்றப் போய் அது திரையில் ஒரே ஓர் எச்சரிக்கையோடு நின்றுவிட்டபோது, முதலில் நான் கொண்டுபோன கடையில் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். பாய் திரையின் மூலையிலிருந்த பொடி எழுத்துகளை வாசித்துவிட்டு, போர்டில் கோளாறு எதுவும் இல்லை என்றார். கை வைப்பதற்கு முன் கேட்கவும் வாசிக்கவும் பொறுமை உள்ள ஒருவரைப் பற்றி எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் புதுவண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் இருப்பது 2020ஆம் ஆண்டு வெளிவந்த சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட், சிம் போடும் வகை. அந்த ஆண்டு 31,999 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 10.4 அங்குலத் திரையும், பெட்டியோடு வரும் பேனாவும்தான் வாங்கியதற்குக் காரணம். அந்தப் பேனாவுக்குள் பேட்டரி கிடையாது. திரைக்கு அடியிலுள்ள தகடு மின்காந்த முறையில் பேனாவின் நுனி எங்கே இருக்கிறது என்பதையும் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் அறிந்துகொள்கிறது. அதனால் சார்ஜ் போடும் கவலை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அதில் கணக்குப் போட்டுக் காட்டி வந்திருக்கிறேன்.

இந்த டேப் ஆண்ட்ராய்டு 10 பதிப்போடு வந்தது. பிறகு 11, 12, 13 என்று மூன்று பெரிய புதுப்பிப்புகள் கிடைத்தன. அதற்கு மேல் புதிய பதிப்பு அதற்கு இல்லை. 4 ஜிபி நினைவகத்தில் பதிப்புக்குப் பதிப்பு சுமை ஏறியதால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவே காத்திருக்க வேண்டியிருந்தது. பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன், லினியேஜ் ஓஎஸ் என்ற கட்டற்ற ஆண்ட்ராய்டு பதிப்பு இந்த மாதிரிக்குக் கிடைக்கிறது என்று சொன்னான். அவன் ஊருக்குப் போன பிறகு, அவன் அனுப்பிய குறிப்பை வைத்துக்கொண்டு நானே செய்தேன். டெவலப்பர் ஆப்ஷனில், பூட்டைத் திறக்க அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கை இயக்கி, கணினியிலிருந்து மென்பொருளை வாங்கிக்கொள்ளும் டவுன்லோட் மோடில் பூட்லோடரை (இயக்கியதும் முதலில் ஓடி இயங்குதளத்தை எழுப்பும் சிறு மென்பொருள்) திறந்து, ஏறும் மென்பொருள் அதிகாரபூர்வமானதா என்று பார்க்கும் கையொப்பச் சரிபார்ப்பை நிறுத்தும் விபிமெட்டா கோப்பை ஏற்றி, ரெக்கவரி என்ற மீட்பு மென்பொருளை ஏற்றி, அதன் வழியாகப் புதிய இயங்குதளத்தை ஏற்றினேன். எல்லாம் சரியாகவே நடந்தது. டேப்பும் வேகமாக ஓடியது.

ஆனால் எனக்குத் தேவையானது அதில் இல்லை. பேனா எழுதியது, ஆனால் சாம்சங் நோட்ஸ் செயலி இல்லை, பேனாவின் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியல் இல்லை. இரண்டுமே சாம்சங்கின் சொந்த இடைமுகத்தோடு ஒட்டியவை. வேறு இயங்குதளத்தில் அவற்றை எதிர்பார்க்க முடியாது என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கிய நேரம். பழையபடியே இருக்கட்டும் என்று முடிவு செய்து, வாங்கிய புதிதில் இருந்த வேகம் நினைவுக்கு வர, ஆண்ட்ராய்டு 10 ஃபர்ம்வேரை, அதாவது சாம்சங்கின் சொந்த இயங்குதளத் தொகுப்பை, தேடி இறக்கினேன். சாம்சங் கருவிகளில் ஃபர்ம்வேர் ஏற்றப் பயன்படும் ஓடின் என்ற விண்டோஸ் மென்பொருளில் அதைப் போட்டேன். சில நொடிகளில் சிவப்புக் கட்டத்தில் ‘ஃபெயில்’ என்று வந்தது. கேபிளை உருவிவிட்டு மறுபடி இயக்கியபோது, ‘கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பிழை ஏற்பட்டது, கணினியிலுள்ள ஸ்மார்ட் ஸ்விட்சின் அவசர மீட்பு வசதியைப் பயன்படுத்தவும்’ என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் மட்டுமே திரையில் நின்றது. அன்றிரவு நான் தூங்கவில்லை. மூன்றாண்டு வகுப்புக் குறிப்புகள் அந்த டேப்பை நம்பியே இருந்தன.

மறுநாள் கொண்டுபோன முதல் கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் என்ன செய்தேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, 9,500 ரூபாய் ஆகும், டேட்டாவை எடுத்துத் தர வேண்டுமானால் தனியாக 4,000 ரூபாய் என்றார்கள். பார்த்ததற்கு 300 ரூபாய் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டேன். டியூஷனுக்கு வரும் ஒரு பையனின் அப்பா, ஜவுளிக் கிடங்கில் கணக்கு எழுதுபவர், “பாய்கிட்ட ஒருதடவ காட்டிட்டு முடிவு பண்ணுங்க டீச்சர்” என்றார்.

திங்கட்கிழமை மாலை அங்கே போனேன். உட்கார இடமில்லை, இரண்டு பேர் சேர்ந்து நிற்கவே இடம் போதாது. பாய்க்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டேப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலில் பில்லும் பெட்டியும் இருக்கிறதா என்று கேட்டார். நான் எடுத்துப் போகவில்லை. “வீட்ல இருந்தா எடுத்துட்டு வந்துடுங்கம்மா, இது இல்லாம நான் தொட மாட்டேன்” என்றார். அந்த நேரத்தில் எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. மெட்ரோவில் மூன்று நிலையம் திரும்பிப் போய் எடுத்து வந்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த, ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, அதைக் கேஒய்எம் என்ற சொல்லோடு 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார். அது தொலைத்தொடர்புத் துறையின் வசதி. ஒரு கருவியின் எண் முறையானதா, தொலைந்ததாகப் புகார் செய்து முடக்கப்பட்டதா என்பதை அது தெரிவித்துவிடும். பதில் வந்த பிறகுதான் டேப்பைக் கையில் எடுத்தார். திருட்டுப் பொருளைத் திறந்து கொடுத்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம் காட்டும் கடையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்து, நீள வாட்டில் கோடு போட்ட ஒரு பெரிய நோட்டை எடுத்து எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். “என்னென்ன பண்ணீங்கன்னு முதல்லேருந்து சொல்லுங்கம்மா, எதையும் விட்டுடாதீங்க. திட்ட மாட்டேன்.” நான் சொல்லச் சொல்ல எழுதினார். பூட்லோடர் எப்போது திறந்தது, எந்தக் கோப்பு எந்த வரிசையில் ஏறியது, கடைசியாக ஓடினில் போட்டது எந்தப் பதிப்பு, அதில் ‘ரீ-பார்ட்டிஷன்’ கட்டத்தில் டிக் போட்டேனா என்றெல்லாம் கேட்டார். டிக் போடவில்லை என்றதும் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சேமிப்பகத்தின் பகுதிகளையே மாற்றி வெட்டிவிடும் கட்டம் அது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பிறகு மாதிரி எண். இந்த இடத்தில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கேலக்ஸி டேப் எஸ்6 லைட் என்ற ஒரே பெயரில் 2020, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டேப்கள் வெளிவந்தன. 2020இல் வந்தவை வைஃபை வகைக்குப் பி610, சிம் வகைக்குப் பி615. 2022இல் வந்தவை பி613, பி619. 2024இல் வந்தவை பி620, பி625. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு வேறு. முதலாவதில் எக்சினோஸ் 9611, இரண்டாவதில் ஸ்னாப்டிராகன் 720ஜி, மூன்றாவதில் எக்சினோஸ் 1280. ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. பெயரை மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் கடையில் இந்த டேப்பைக் கொடுக்கவே கூடாது. பாய் பெட்டியில் இருந்ததையும் டேப்பின் பின்புறத்தில் அச்சிட்டிருந்ததையும் ஒப்பிட்டு, பி615 என்று நோட்டில் எழுதிச் சுழித்தார்.

அதற்குள் டேப்பின் பேட்டரி முழுவதும் இறங்கியிருந்தது. பிழைத் திரையிலேயே நின்று நின்று தானாக அணைந்து போயிருந்தது. யுஎஸ்பி மீட்டர் ஒன்றை நடுவில் சொருகிச் சார்ஜ் போட்டார். மின்னோட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கேபிளை லேசாக அசைத்தால் மீட்டரில் எண் பூஜ்யத்துக்குப் போனது. உடனே உருப்பெருக்கிக் கண்ணாடியின் விளக்கைப் போட்டு, சார்ஜ் போடும் துளையை என்னிடமே காட்டினார். உள்ளே இருக்கும் சிறு நாக்கின் ஒரு பக்கத்தில் தகடுகளின் மேல் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. “கடல் காத்தும்மா. காசிமேட்டுப் பக்கத்துலேருந்து வர்ற போன் பாதிக்கு இப்படித்தான்.” எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கடல் காற்று நேராக முகத்தில் அடிக்கும்; ஜன்னல் கம்பிகள் துருப்பிடிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்; டேப்பின் துளைக்குள்ளும் அதே வேலை நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் ஐந்து நிமிடம் பொறுமையாகத் துடைத்தார். மறுபடி மீட்டரைச் சொருகியபோது எண் அசையாமல் நின்றது. இப்படி நடுநடுவே அறுந்துபோகும் இணைப்பில் ஃபர்ம்வேர் ஏற்றியிருந்தால், கோப்பு சரியானதாக இருந்தாலும் பாதியில் நின்றிருக்கும். கணினியையும் கோப்பையும் மட்டுமே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய பாடமாக அமைந்தது.

சற்று உயிர் வந்ததும் டேப்பை டவுன்லோட் மோடுக்குக் கொண்டுபோனார். இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்திக்கொண்டே கணினியோடு இணைத்த கேபிளைச் சொருக வேண்டும். என்னிடமிருந்த ஆண்ட்ராய்டு 10 கோப்பை நான் எப்படிப் போட்டேனோ அப்படியே ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னார். நான் தயங்கினேன். பிழையைக் கண்ணால் பார்த்தால்தான் அதன் காரணம் தெரியும், ஏற்கெனவே மறுத்த கோப்பை அது இப்போதும் மறுக்கும், அதனால் கெடுதல் இல்லை என்றார். ஓடின் தோல்வி காட்டியதும் கணினியைப் பார்க்கவில்லை. டேப்பின் திரையின் மேல் மூலையில் உருப்பெருக்கியை வைத்தார். சிவப்பு நிறத்தில், அரிசியில் பாதி உயரம் கூட இல்லாத எழுத்துகளில் ஒரு வரி இருந்தது. அதை எழுத்துக்கு எழுத்து நோட்டில் எடுத்து எழுதினார். ‘எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்’ என்று தொடங்கி, ‘ஃபியூஸ்டு’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய எண்ணும், ‘பைனரி’ என்பதற்குப் பக்கத்தில் 1 என்ற எண்ணும் இருந்தன. அந்த வரி நான் வீட்டில் செய்தபோதும் அங்கே இருந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. முதல் கடையிலும் பார்க்கவில்லை.

அதன் பொருளை அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். சாம்சங் தன் பூட்லோடருக்கு ஒரு திருத்த எண் வைத்திருக்கிறது. புதுப்பிப்பு ஒன்று அந்த எண்ணை உயர்த்தும்போது, சில்லுக்குள் இருக்கும் மிக நுண்ணிய ஃபியூஸ் ஒன்று எரிக்கப்படுகிறது. எரிந்த ஃபியூஸை மறுபடி ஒட்ட முடியாது. அதற்குப் பின் குறைந்த எண் கொண்ட எந்தப் பூட்லோடரையும் சில்லு ஏற்றுக்கொள்ளாது. பாதுகாப்புக் குறைகள் உள்ள பழைய பதிப்புக்குத் திருட்டுத்தனமாகப் பின்னோக்கிப் போவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. என் டேப் ஆண்ட்ராய்டு 13 வரை புதுப்பிப்புகளை வாங்கியது. ஆண்ட்ராய்டு 10க்கு உரிய பூட்லோடரை இனி எந்தக் காலத்திலும் அது ஏற்காது. பூட்லோடரைத் திறந்து வைத்திருந்தாலும் இந்தத் தடை நீங்குவதில்லை. ஃபர்ம்வேர் கோப்பின் பெயரிலேயே இந்த எண் இருக்கிறது: பெயரின் கடைசியிலிருந்து எண்ணி வரும்போது ஐந்தாவதாக நிற்கும் எழுத்து அது. அந்த எழுத்து, திரையில் ‘ஃபியூஸ்டு’ பக்கத்தில் வரும் எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் போதும். 9,500 ரூபாய் மதர்போர்டுக்கும் சரியான ஒரு கோப்புக்கும் நடுவே நின்றது அந்த ஓர் எழுத்துதான்.

வேலையைத் தொடங்குமுன் நோட்டில் மூன்று வரி எழுதி என்னைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். டேப்பில் இப்போது இருக்கும் எதுவும் மிஞ்சாது. முன்பு அழிந்தவையும் திரும்பாது. கூலி 1,200 ரூபாய், சரியாகாவிட்டால் வாங்க மாட்டேன். இரண்டாவது வரியைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் கடையில் 4,000 ரூபாய்க்கு எடுத்துத் தருவதாகச் சொன்னதைக் கூறினேன். அது நடக்காது என்று திட்டமாகச் சொன்னார். ஆண்ட்ராய்டு 10 பதிப்போடு வெளிவந்த கருவிகளில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது உரிய சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டே, சேமிக்கப்படுகிறது. பூட்லோடரைத் திறந்த அன்றே அந்தச் சாவிகள் அழிக்கப்பட்டுவிட்டன. இனி யார் எடுத்தாலும் கிடைப்பவை சாவி இல்லாத பூட்டுகள்தான். நல்லவேளையாக, பல பாடங்களின் குறிப்புகளை பிடிஎஃப் ஆக்கி மெமரி கார்டில் வைத்திருந்தேன். கார்டில் மறையாக்கம் போடாததால் அவை அப்படியே இருந்தன. வடிவியலும் ஆயத்தொலை வடிவியலும் கார்டில் இல்லை. அவை போயே போய்விட்டன. பொய்யான நம்பிக்கைக்குப் பணம் கொடுக்காமல் அவர் தடுத்தார் என்பதற்காகவே இந்தக் கடைக்கு நான் நன்றி சொல்வேன்.

வேலை வியாழக்கிழமை வரை ஆனது. கோப்பைக் கண்ட கண்ட தளங்களிலிருந்து எடுக்காமல், சாம்சங்கின் சர்வரிலிருந்தே நேராக இறக்கும் கருவி ஒன்றின் மூலம் இந்தியாவுக்குரிய ஃபர்ம்வேரை இறக்கியிருந்தார். இறக்குவதற்கே ஓர் இரவு பிடித்ததாம். வியாழன் மாலை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓடினில், ஃபர்ம்வேரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றாக, பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று நான்கு பெட்டிகள். ஏபி என்ற பெரிய கோப்பைச் சேர்த்தபோது கணினி சில நிமிடம் அசையாமல் நின்றது; கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று அது சரிபார்க்கிறது, அவசரப்பட்டு மூடிவிடக் கூடாது என்றார். நான்காவது பெட்டிக்கு இரண்டு கோப்புகள் உண்டு: ஹோம் சிஎஸ்சி என்று தொடங்குவது நம் டேட்டாவைத் தொடாது, வெறும் சிஎஸ்சி அனைத்தையும் துடைத்துவிடும். வேறு இயங்குதளம் விட்டுச்சென்ற டேட்டாவைச் சாம்சங்கின் மென்பொருளால் படிக்க முடியாது என்பதால், என் டேப்புக்கு இரண்டாவதே சரி என்று தேர்ந்தெடுத்தார். அவருடைய கணினி யுபிஎஸ்ஸில் ஓடுகிறது. எங்கள் பகுதியில் மாலை நேரத்தில் மின்சாரம் போய் வருவதை அறிந்தவர்கள் அதன் மதிப்பை உணர்வார்கள். சில நிமிடங்களில் பச்சைக் கட்டத்தில் ‘பாஸ்’ என்று வந்தது. அதன் பிறகு சாம்சங் என்ற எழுத்து மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது, நான் பதறினேன். முதல் முறை பத்து நிமிடம் வரை ஆகலாம், தொடாதீர்கள் என்றார். வரவேற்புத் திரை வந்தபோது, உண்மையாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் காத்திருப்பின் நடுவே ஓர் இளைஞர் வந்து, ஒரு போனின் ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தர முடியுமா, எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்றார். பாய் தலையை நிமிர்த்தாமலே, “அது சட்டப்படி குத்தம் தம்பி, இங்க பண்றதில்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். குரல் உயரவில்லை, ஆனால் இரண்டாவது வார்த்தைக்கு இடமும் தரவில்லை.

டேப் எழுந்ததும் வேலை முடிந்ததாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஐஎம்இஐ எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். தம்முடைய சிம்மைப் போட்டு நெட்வொர்க் வருகிறதா என்று பார்த்தார். பேனாவால் திரையின் நான்கு மூலைகளுக்கும் குறுக்குக் கோடு இழுத்து, கோடு எங்கும் அறுபடவில்லை என்பதைக் காட்டினார். ஒலிபெருக்கி, கேமரா, சார்ஜ் மீட்டர் எல்லாம் மறுபடி. கடைசியாகப் பூட்லோடரைப் பூட்டட்டுமா என்று கேட்டார். முழுவதும் சாம்சங்கின் சொந்த மென்பொருள் ஏறிய பிறகுதான் பூட்ட வேண்டும். மாற்றிய பகுதி ஒன்று மிச்சமிருக்கும்போது பூட்டினால் டேப் எழவே மறுக்கும் என்றார். பூட்டினால் ஒருமுறை மறுபடி எல்லாம் அழியும் என்பதால், நான் எதையும் ஏற்றுவதற்கு முன்பே அங்கேயே அதைச் செய்து கொடுத்தார். பூட்லோடர் திறந்திருப்பதாக, இயக்கும்போதெல்லாம் வந்துகொண்டிருந்த எச்சரிக்கைத் திரை அதோடு நின்றது.

திரும்பாத ஒன்றையும் அவரே சொன்னார், நான் கேட்காமலே. அதிகாரபூர்வமல்லாத மென்பொருள் ஒருமுறை ஏறியதும் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்புக்குரிய ஃபியூஸும் எரிந்துவிடுகிறது. சாம்சங்கின் சொந்த மென்பொருளுக்குத் திரும்பினாலும் அது பழைய நிலைக்கு வராது. கோப்புகளைத் தனியே பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் இந்த டேப்பில் இனி இயங்காது. நான் அதைப் பயன்படுத்தியதில்லை என்பதால் எனக்கு இழப்பில்லை. அலுவலக ஆவணங்களை அதில் வைத்திருப்பவர்கள் பூட்லோடரைத் திறக்குமுன் இதை அறிந்திருப்பது அவசியம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொலைபேசியை அவர் எடுப்பதே இல்லை; நான்கு நாளும் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் தவித்தேன். ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். ரசீது கேட்டால்தான் கொடுக்கிறார். வாசற்படி உயரமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவது சிரமம்; உட்கார ஒரு ஸ்டூல் கூட இல்லை. இவற்றையெல்லாம் விட எனக்கு உறுத்தியது அந்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் வாடிக்கையாளரின் பெயர், எண், அதற்குப் பக்கத்திலேயே திரைப்பூட்டின் கடவு எண்ணும் எழுதப்பட்டிருக்கிறது; கல்லாவின் மேல் திறந்தே கிடக்கிறது. எதிரில் நிற்கும் எவரும் படித்துவிடலாம். என் டேப் துடைக்கப்பட்டிருந்ததால் என்னிடம் கடவு எண் கேட்கவில்லை; ஆனால் எனக்கு முந்தைய பக்கத்தில் இருந்தவருடையதை நான் பார்த்தேன். இவ்வளவு கவனமுள்ளவர் இதில் கவனமில்லாமல் இருப்பது சரியல்ல என்று நேரிலேயே சொன்னேன். ஒரு கணம் யோசித்துவிட்டு நோட்டை மூடி உள்ளே வைத்தார். கடவு எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி, பொருளை ஒப்படைக்கும்போது கிழித்துக் கொடுத்துவிடலாம் என்றார். அடுத்த முறை போகும்போது அப்படிச் செய்கிறாரா என்று பார்ப்பேன்.

மென்பொருளுக்கு 1,200 ரூபாய், சார்ஜ் துளையைத் துடைத்ததற்கு 150 ரூபாய், மொத்தம் 1,350 கொடுத்தேன். டேப் ஆண்ட்ராய்டு 13இல் இருக்கிறது. வேகம் 2020இல் இருந்தது போல இல்லை. ஆனால் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றியதில் முன்பைவிட எவ்வளவோ மேல். ஆயத்தொலை வடிவியலை மறுபடி முதல் கணக்கிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்த ஒவ்வொரு பாடத்தையும் அன்றன்றே கார்டுக்கு மாற்றிவிடுகிறேன்.

போக விரும்புகிறவர்கள் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி எம்.சி. ரோட்டுக்கு வந்து, டேப் பார்க்கிற பாய் கடை எது என்று ஜவுளிக்கடைகளில் கேட்டால் வழி காட்டுவார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் போவது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும். திரை உடைந்தது, போர்டில் சில்லு மாற்றுவது போன்றவற்றை அவர் எடுப்பதில்லை, வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார். கருவியோடு பில், பெட்டி, அதில் கடைசியாக இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல் மூன்றும் இருக்கட்டும். துடைத்த பிறகு பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் டேப்களை, அந்தக் கணக்கு இல்லாமல் அவர் திறந்து தர மாட்டார். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை வரிசையாக ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் அவருக்கு அரை மணி நேரம் மிச்சம்.